வெளிச்சுவர் விளக்குகள்

மாதிரி ரயில் கட்டடத்துக்கு விளக்கு போடுவது என்றதும் பலரும் முதலில் செய்வது உள்ளே ஒரு பல்பை வைப்பதுதான். ஜன்னல்கள் மஞ்சளாகத் தெரியும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஜன்னல் மட்டும் அந்தரத்தில் நிற்கும், கட்டடத்தைக் காணோம். நீங்கள் மெனக்கெட்டு வண்ணம் தீட்டிய செங்கல், துருவேறிய தகரக் கூரை, படியில் உட்காரவைத்த ஆள் எதுவும் கண்ணில் படாது. வெளிச்சுவரில் ஒரே ஒரு விளக்கை மாட்டினால் இவை அத்தனையும் திரும்பி வரும். உள்விளக்கு, வெளிவிளக்கு இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், தயங்காமல் வெளிவிளக்கைப் போடுங்கள்.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கட்டடத்தை வைத்துக்கொள்வோம். 1:87 என்ற எச்.ஓ. அளவில், 1950களின் தொடக்கத்தில், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் சைடிங்கை ஒட்டி நிற்கும் செங்கல் குடோன். நீராவி எஞ்சினும் டீசல் எஞ்சினும் ஒரே தண்டவாளத்தில் ஓடிய காலம் அது. மாதிரி ரயில்காரர்களுக்கு மிகவும் பிடித்த காலமும் அதுதான். கிட்டாகக் கிடைக்கும் கட்டடங்களில் கணிசமானவை அந்தக் காலத்தவை. நம் குடோனுக்குத் தண்டவாளப் பக்கம் சரக்கு ஏற்றி இறக்கும் மேடையும் மூன்று பெரிய கதவுகளும் உண்டு. பக்கவாட்டில் குமாஸ்தாவின் அறைக்கு ஒரு சின்னக் கதவு. பின்சுவர் மொட்டைச் சுவர்.

யார் போட்ட விளக்கு?

துளை போடுவதற்கு முன் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை யார், எந்த வேலைக்காகப் போட்டார்? நிஜ குடோனில் ஒவ்வொரு பல்புக்கும் முதலாளி மின்கட்டணம் கட்டினார். அழகுக்காக அவர் ஒன்றையும் மாட்டியிருக்க மாட்டார். சரக்குக் கதவுகளுக்கு மேலே விளக்கு வேண்டும், ராத்திரியில் வேகனிலிருந்து மூட்டை இறக்க. குமாஸ்தா அறைக் கதவுக்கு மேலே ஒன்று வேண்டும், பூட்டுத் துவாரம் தெரிய. மேடையின் கோடியில் படிக்கட்டு இருந்தால் அங்கேயும் ஒன்று, யாரும் தடுக்கி விழாமல் இருக்க. கதவும் வழியும் இல்லாத பின்சுவருக்கு ஒன்றும் வேண்டாம். அந்தப் பக்கம் இருட்டாக இருப்பதால்தான் இந்தப் பக்கத்து வெளிச்சத்துக்கு மதிப்பு.

இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி விளக்குகள் குறைந்துவிடும். கடையில் பத்து விளக்கு கொண்ட பாக்கெட் வாங்கிவிட்டோம் என்பதற்காகப் பத்தையும் ஒரே சுவரில் வரிசையாக மாட்டி, குடோனைக் கல்யாண மண்டபம் ஆக்கிவிடுகிற லேஅவுட்கள் நிறைய. மூன்று கதவுக்கும் மூன்று விளக்கு வைத்தாலும் ஒன்றுக்கு மின்இணைப்பு கொடுக்காமல் விட்டுப்பாருங்கள். பல்பு ஃபியூஸ் போய் யாரும் மாற்றாத கட்டடம் எந்த ஊரிலும் உண்டு. அந்த ஒரு இருண்ட கதவு மற்ற இரண்டையும் நம்ப வைக்கும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கா என்றால் எல்லாக் காலத்திலும் மின்விளக்கு ஜொலித்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1935-இல் ஊரக மின்மயமாக்கல் நிர்வாகம் தொடங்கப்பட்டபோது அங்கே பத்துப் பண்ணைகளில் ஏறக்குறைய ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. ஆகவே உங்கள் லேஅவுட் 1930-ஆம் ஆண்டின் கிராமப்புறம் என்றால், தானியக் கிடங்கின் வாசலில் தொங்க வேண்டியது மண்ணெண்ணெய் லாந்தர். நம் குடோன் 1950களில், ஊருக்குள் இருப்பதால் கவலையில்லை. குண்டு பல்பு, மஞ்சள் வெளிச்சம்.

நிறம் தவறினால் காலமும் தவறிவிடும். குண்டு பல்பின் நிறத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரை குறிப்பிடப்பட்ட 'வார்ம் ஒயிட்' எல்.இ.டி. சரி. பாதரச ஆவி விளக்கு என்றால் நீலப்பச்சை கலந்த வெண்மை. 1970களுக்குப் பிந்தைய தெருவுக்குச் சோடியம் விளக்கின் ஆரஞ்சு. 'கூல் ஒயிட்' எல்.இ.டி.யை அப்படியே மாட்டினால் அது நம் காலத்துத் தெருவிளக்கு ஆகிவிடும். இந்தியாவில் தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றும் தேசியத் திட்டம் தொடங்கியதே 2015-இல்தான். கையில் கூல் ஒயிட் மட்டுமே இருக்கிறது என்றால் டாமியாவின் எக்ஸ்-26 என்ற ஒளிபுகும் ஆரஞ்சு வண்ணத்தை மெல்லிசாக ஒரு பூச்சு பூசினால் போதும். கண்ணாடி ஓவியத்துக்கான ஆரஞ்சு வண்ணமும் இதற்கு ஆகும்.

அளவு

அந்தக் காலத்துக் குடோன் சுவர்களில் எங்கும் காணப்பட்டது வளைகழுத்து விளக்கு. சுவரிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, மேலேறி வளைந்து, நுனியில் கவிழ்த்த ஷேடுடன் கீழே பார்க்கும். ஷேடின் வெளிப்புறம் பெரும்பாலும் கரும்பச்சை எனாமல், உட்புறம் வெள்ளை. ஷேடின் விட்டம் 12 முதல் 18 அங்குலம் வரை இருக்கும். 87-ஆல் வகுத்தால் 3.5 முதல் 5.3 மி.மீ. வரை வருகிறது. அதாவது 4 மி.மீ. அல்லது 5 மி.மீ. ஷேடு நமக்குச் சரியான அளவு. கடையில் கிடைக்கும் ஆயத்த விளக்குகளில் மலிவானவற்றுக்கு ஷேடு 7, 8 மி.மீ. கூட இருக்கும். நிஜத்தில் அது இரண்டடிக்கும் மேற்பட்ட அகலம். வாங்குவதற்கு முன் அளவைப் பாருங்கள்.

குழாய் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது 45 முதல் 60 செ.மீ. என்று வைத்தால் மாதிரியில் 5 முதல் 7 மி.மீ. மேடையிலிருந்து ஷேடின் விளிம்பு 3 மீட்டர் உயரம் என்றால் 34 மி.மீ. பக்கத்தில் ஓர் ஆள் பொம்மையை நிறுத்திப் பாருங்கள். ஆள் 20 மி.மீ. இருப்பார், கையை உயர்த்தினாலும் ஷேடு எட்டக் கூடாது. பல்பு மாற்ற ஏணி வேண்டும், அவ்வளவு உயரம்.

இடம் குறித்த பிறகு, உங்களிடம் உள்ளதிலேயே உயரமான, அகலமான பெட்டியை அந்தச் சைடிங்கில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுவர் மேடைக்கு உள்ளடங்கி இருந்தால் இடிக்காது. சுவர் நேரடியாகத் தண்டவாளத்தைத் தொட்டாற்போல் நிற்கிற கட்டடங்களில் 7 மி.மீ. கழுத்து பெட்டியின் கூரையோரத்தில் மாட்டும்.

மின்சாரம்

இப்போது எல்லோரும் பயன்படுத்துவது எஸ்.எம்.டி. வகைச் சில்லு எல்.இ.டி. எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். 0805 என்றால் 2 மி.மீ. நீளம், 1.25 மி.மீ. அகலம். 0603 என்றால் 1.6-க்கு 0.8. 0402 என்றால் 1-க்கு 0.5. எச்.ஓ. ஷேடுக்குள் 0603 கச்சிதமாக உட்காரும். 1:160 என்ற என் அளவுக்கு 0402 வேண்டும். மயிரிழை ஒயர் ஏற்கெனவே பற்றவைத்து வரும் சில்லுகளும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. முதல் கட்டடத்துக்கு அவற்றை வாங்குவதே புத்திசாலித்தனம்.

பழைய அரிசிமணி, கோதுமைமணி பல்புகளை இன்னும் விடாதவர்கள் உண்டு. அவற்றின் வெளிச்சம் நிஜ டங்ஸ்டன் வெளிச்சம் என்பதால் நிறம் அருமையாக இருக்கும். ஆனால் சூடாகும், பிளாஸ்டிக் சுவரைத் தொட்டால் இளக்கும், இழை அறுந்தால் கழற்றி மாற்ற வேண்டும். அப்படியே போட்டாலும் 12 வோல்ட் பல்புக்கு 9 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆயுள் பல மடங்கு கூடும், நிறமும் இன்னும் மஞ்சளாகும்.

எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் கட்டாயம். கணக்கு எளிது. மின்னழுத்தத்திலிருந்து எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் வோல்ட்டைக் கழித்து, வேண்டிய மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட் எடுக்கும். 12 வோல்ட் அடாப்டரில் மிச்சம் 9. அதை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 450 ஓம். கடைக்காரர் 470 ஓம் ரெசிஸ்டரை எடுத்துக் கொடுப்பது இந்தக் கணக்கில்தான். எல்.இ.டி. கெடாது, உண்மை. ஆனால் உங்கள் குடோன் வாசலில் வெல்டிங் நடப்பது போலிருக்கும். இன்றைய எல்.இ.டி.கள் 1 மில்லி ஆம்பியரிலேயே நன்றாக எரிகின்றன. 9 வோல்ட்டை அதனால் வகுத்தால் 9 கிலோ ஓம், கடையில் கிடைக்கும் பக்கத்து அளவு 10 கிலோ ஓம். அங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டும். கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகப் போதும்.

எது சரியான பிரகாசம் என்று காகிதத்தில் சொல்ல முடியாது, எல்.இ.டி.க்கு எல்.இ.டி. மாறும். ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 50 கிலோ ஓம் பிரீசெட்டைத் தொடராக இணைத்து, எல்.இ.டி.யை அதன் இடத்திலேயே தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, அறையை உங்கள் 'இரவு' நிலைக்கு இருட்டாக்கி, பிரீசெட்டைத் திருகுங்கள். கண்ணுக்குச் சரி என்று பட்டதும் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். முதலில் சரி என்று படுவது எப்போதும் அதிகம்தான். பிறகு மின்இணைப்பைத் துண்டித்து, பிரீசெட்டை மல்டிமீட்டரால் அளந்து, 1 கிலோ ஓமைக் கூட்டி, அதற்கு அருகிலுள்ள நிலையான ரெசிஸ்டரைப் போட்டுவிடலாம். 15, 22 கிலோ ஓம் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

ஒரே ரெசிஸ்டரில் நான்கு எல்.இ.டி.யைப் பக்கவாட்டில் இணைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். எது கொஞ்சம் குறைந்த வோல்ட்டில் எரியத் தொடங்குகிறதோ அது மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும், மற்றவை மங்கும். ஆளுக்கொரு ரெசிஸ்டர் இருந்தால் ஒவ்வொரு விளக்கின் பிரகாசத்தையும் தனித்தனியாக வைக்கலாம் என்பது கூடுதல் லாபம்.

தண்டவாளத்திலிருந்து மட்டும் விளக்குக்கு மின்சாரம் எடுக்காதீர்கள். சாதாரண டி.சி. கன்ட்ரோலரில் ரயில் வேகம் குறைந்தால் ஊரே மங்கும், ரயில் நின்றால் ஊர் இருண்டுவிடும், திசை மாற்றினால் ஒரு விளக்கும் எரியாது. டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் மின்சாரம் எப்போதும் இருக்கும், ஆனால் அது எஞ்சினுக்கான மின்சாரம். எங்காவது சக்கரம் தடம்புரண்டு ஷார்ட் ஆனால் ஊரும் சேர்ந்து அணையும். விளக்குக்குத் தனி அடாப்டர் வையுங்கள். பழைய செல்போன் சார்ஜரே போதும்: 5 வோல்ட்டில் மிச்சம் 2 வோல்ட், 1 மில்லி ஆம்பியருக்கு 2.2 கிலோ ஓம். பவர் பேங்க் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பத்து எல்.இ.டி. சேர்ந்து இழுப்பதே 10 மில்லி ஆம்பியர்தான். 'யாருமே இல்லை' என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும்.

வளைகழுத்து விளக்கைக் கையால் செய்தல்

வுட்லேண்ட் சீனிக்ஸ், வீஸ்மான், பிராவா போன்ற நிறுவனங்கள் ஆயத்தச் சுவர் விளக்குகள் விற்கின்றன. நன்றாகவே இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். கையால் செய்ய விரும்புபவர்களுக்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு. ஆரி வேலைக்குப் பொருள் விற்கும் கடைக்குப் போய்க் குழிவான சமிக்கி கேளுங்கள், 4 மி.மீ. அளவில். நடுவில் துளையோடு, ஆழமில்லாத கிண்ண வடிவில், எச்.ஓ. விளக்கின் ஷேடாகவே அது அச்சடித்து வந்திருக்கும். நிஜ அளவில் கணக்கிட்டால் ஏறக்குறைய 14 அங்குல ஷேடு. ஒரு சின்னப் பொட்டலத்தில் ஒரு நகரத்துக்கே விளக்கு இருக்கும்.

முதலில் சமிக்கிக்கு வண்ணம். ஒரு பல்குச்சி நுனியில் செருகிக்கொண்டு இரண்டு பக்கமும் கறுப்பு பூசுங்கள். இந்தக் கறுப்பை விட்டுவிட்டால் பிளாஸ்டிக் வழியே வெளிச்சம் ஊடுருவி ஷேடே பச்சையாக ஒளிரும். காய்ந்ததும் வெளியே கரும்பச்சை, உள்ளே வெள்ளை.

கழுத்துக்கு 0.4 அல்லது 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி. நிஜக் குழாயைவிட இது சற்றுத் தடிமன்தான், ஆனால் இதைவிட மெலிந்தால் கை பட்டதும் வளையும். 2.5 மி.மீ. டிரில் பிட்டின் தண்டில் வளைத்து, சுவருக்குள் போக நேராக 15 மி.மீ. விட்டு வெட்டுங்கள். இந்தக் கம்பியே ஒரு மின்கம்பியாகவும் வேலை செய்யப்போகிறது, மைனஸ். ப்ளஸுக்கு எனாமல் பூசிய தாமிர வைண்டிங் ஒயர். மோட்டார் ரீவைண்டிங் கடையில் எஸ்.டபிள்யூ.ஜி. 38 என்று கேட்டால் கொடுப்பார்கள். தடிமன் 0.15 மி.மீ. ஒயர் பளபளக்கும் செப்பு நிறத்தில் இருப்பதால் எனாமல் இல்லை என்று நினைக்க வேண்டாம், அது இருக்கிறது. நுனியில் 2 மி.மீ. மட்டும் பிளேடால் சுரண்டியோ, சூடான சால்டரிங் நுனியில் ஈயத் துளி வைத்து அதற்குள் அமிழ்த்தியோ எடுக்க வேண்டும்.

பற்றவைப்பதற்கு முன்பே சமிக்கியைக் கம்பியில் கோத்து, வளைவைத் தாண்டி மேலே தள்ளிவிடுங்கள். எனாமல் ஒயரும் அதே துளை வழியாக வர வேண்டும். சூடு பட்டால் சமிக்கி சுருண்டுவிடும் என்பதால்தான் இந்த ஒதுக்கல். எல்.இ.டி.யை இரட்டைப்பக்க டேப்பின் மேல், ஒளிரும் முகம் கீழே பார்க்க, குப்புற ஒட்டுங்கள். முதுகில் இரண்டு முனைகள் தெரியும். எது ப்ளஸ், எது மைனஸ் என்பதற்கு ஒரு பச்சைக் குறி இருக்கும், ஆனால் எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி வைப்பதில்லை. மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துத் தொட்டுப் பாருங்கள், சரியாகத் தொட்டால் மெலிதாக எரியும்.

பித்தளையின் நுனியிலும் ஒயரின் நுனியிலும் முன்கூட்டியே ஈயம் ஏற்றி வைத்திருந்தால் வேலை ஒரே தொடுகையில் முடியும். எல்.இ.டி. முனையில் துளி ஃப்ளக்ஸ், அதன்மேல் கம்பி, அதன்மேல் சால்டரிங் நுனி, இரண்டு விநாடிக்கு மேல் வேண்டாம். பித்தளை சூட்டை உறிஞ்சும், ஆகவே அதை முதலில் வையுங்கள். ஒயரை அடுத்து. 25 வாட் சால்டரிங் அயர்ன், கூர்முனை, 0.5 மி.மீ. ரோசின் ஈயம் இருந்தால் சிரமமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள், அது ஈயம். மூட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டால் நம்மூர் ஈரக்காற்றில் பச்சை பூக்காது.

டேப்பிலிருந்து எடுப்பதற்கு முன் ரெசிஸ்டரோடு இணைத்து எரியவிட்டுப் பாருங்கள். எரிந்தால் சமிக்கியை இறக்கி, எல்.இ.டி.யின் முதுகோடு சேர்த்து, வெள்ளைப் பசைத் துளியால் பிடித்துவிடலாம். ஒயரைக் கழுத்தோடு ஒட்டிப் போகவிட்டு வார்னிஷ் தடவி, பிறகு முழுக்கக் கரும்பச்சையோ கறுப்போ பூசுங்கள். கடைசியாக ஒரு வேலை. ஷேடைத் தலைகீழாகப் பிடித்து, எல்.இ.டி.யின் மேல் நெயில் ஆர்ட்டுக்கான தெளிவான யு.வி. ஜெல்லில் ஒரு துளி வைத்து இறுக்குங்கள். உருண்டு நிற்கும் அந்தத் துளி, ஷேடுக்குக் கீழே எட்டிப் பார்க்கும் குண்டு பல்பாகவே தெரியும். சதுரச் சில்லு தெரியும் விளக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பகலில்தான் புரியும்.

சூப்பர் க்ளூவை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் ஆவி எல்.இ.டி.யின் மேலும் ஜன்னல் பிளாஸ்டிக்கின் மேலும் வெண்படலமாகப் படியும்.

சுவரில் ஏற்றுதல்

'பின் வைஸ்' என்ற கையால் சுழற்றும் துளைக்கருவியில் 0.7 மி.மீ. பிட். உள்ளிருந்து வெளியே அல்ல, வெளியிலிருந்து உள்ளே துளையுங்கள். பிளாஸ்டிக் பிசிறு உட்பக்கம் போய்விடும். செங்கல் சுவரில் துளை சாந்துக் கோட்டில் விழுந்தால் நழுவாமல் நிற்கும். எனாமல் ஒயர் துளையின் விளிம்பில் உரசினால் பூச்சு போய்ப் பித்தளையோடு ஷார்ட் ஆகும். ஆகவே துளையின் விளிம்பைக் கொஞ்சம் தேய்த்து மழுக்கிவிட்டு நுழைத்துவிடுங்கள். குழாய் சுவரைத் தொடும் இடத்தில் நிஜத்தில் ஒரு வட்டத் தகடு இருக்கும். மெல்லிய காகிதத்தில் 1.5 மி.மீ. வட்டம் வெட்டி ஒட்டினால் துளையும் மறையும்.

உள்ளே ஒயர்களைச் சுவர் மூலையோரமாகக் கொண்டுபோய் டேப்பால் பிடித்து, ஜன்னல்களுக்குக் குறுக்கே எதுவும் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரையோரமாக இரண்டு தாமிர டேப் பட்டைகள், ஒன்று ப்ளஸ், ஒன்று மைனஸ். எல்லா விளக்கின் ரெசிஸ்டரும் ப்ளஸ் பட்டையில் வந்து பற்றவைக்கப்படும். பட்டைகளிலிருந்து இரண்டே ஒயர் கீழே போகும். நடுவில் ஒரு டூ-பின் சாக்கெட். கட்டடத்தைத் தூசி தட்டவோ பழுது பார்க்கவோ தூக்க வேண்டி வரும், அப்போது கத்தரிக்கோல் தேடக் கூடாது. பலகைக்கு அடியில் 0.75 சதுர மி.மீ. வீட்டு ஒயரில் சிவப்பு, கறுப்பு என இரண்டு நீண்ட கம்பிகள் ஓடினால் ஒவ்வொரு கட்டடத்தையும் அதில் தொங்கவிடலாம். அடாப்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபியூஸ். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

உள்ளேயும் விளக்கு போடுகிறீர்கள் என்றால் சுவரின் உட்பக்கத்துக்குக் கறுப்பு பூசியே ஆக வேண்டும். வெளிறிய பிளாஸ்டிக் சுவர் உள்ளிருந்து ஒளிர்ந்தால் வெளிவிளக்கு போட்டதே வீண். செல்போன் டார்ச்சை உள்ளே வைத்துக் கூரையை மூடினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

வெளிச்சம் எங்கே விழுகிறது

விளக்கை மாட்டியாயிற்று, எரிகிறது. இனிமேல்தான் பார்க்க வேண்டும். நல்ல வளைகழுத்து விளக்கு சுவரில் ஒரு அரைவட்டமாகவும் மேடையில் ஒரு வட்டமாகவும் வெளிச்சத்தைப் போடும், இரண்டுக்கும் அப்பால் இருட்டு. ஷேடு சுவரைவிட்டு மிகவும் விலகியிருந்தால் சுவரின் பங்கு போய்விடும். ஒட்டியிருந்தால் ஒரே இடத்தில் வெளுத்துத் தெரியும். கம்பியை இலேசாக வளைத்து இதைச் சரிசெய்யலாம், அதற்காகத்தான் பித்தளை.

சுவரில் பளபளப்பு இருந்தால் எல்.இ.டி.யின் பிம்பம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்து குட்டை உடைத்துவிடும். பளபளப்பற்ற வார்னிஷ் ஒரு பூச்சு அடியுங்கள். வெளிச்சம் விழும் இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும்: இரண்டு பீப்பாய், சாய்த்து வைத்த ஒரு தள்ளுவண்டி, சிகரெட் பிடிக்கும் காவலாளி. வெறும் மேடையை வெளிச்சம் போட்டுக் காட்டுவதற்கு இவ்வளவு பாடு எதற்கு? ஆளை வட்டத்தின் நடுவில் நிறுத்தாமல் விளிம்பில் நிறுத்தினால் பாதி உடம்பு இருட்டில் போய், நிழல் மேடையில் நீளும். பின்னால் வானம் தீட்டிய பலகை இருந்தால் அதன்மேல் எந்த வெளிச்சமும் படாமல் ஷேடைத் திருப்புங்கள். வானத்தில் குடோனின் நிழல் விழுந்தால் எவ்வளவு நேர்த்தியான வேலையும் பொம்மை ஆகிவிடும்.

ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லேண்ட் என்ற மாதிரி ரயில் காட்சியகமும் இதே 1:87 அளவுதான். அங்கே சுமார் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை பகலும் இரவும் மாறி மாறி வரும். காணொளிகள் நிறைய இருக்கின்றன. பெரிய ஜொலிப்புகளை விட்டுவிட்டு, ஓரத்துத் தெருக்களில் எத்தனை சுவர்கள் இருட்டாக விடப்பட்டிருக்கின்றன என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

ஃபைபரும் ட்யூப்லைட்டும்

0402 சில்லும் கொள்ளாத இடங்களுக்கு ஒளியிழை இருக்கிறது. 0.5 மி.மீ. பிளாஸ்டிக் இழையின் நுனியை நெருப்பில் தொடாமல் பக்கத்தில் மட்டும் காட்டுங்கள், அது சிறு காளானாக விரிந்து தானாகவே ஒரு பல்பாகும். மறுமுனை கட்டடத்துக்குள் ஓர் எல்.இ.டி.யின் முன் இருந்தால் போதும். ஒரே எல்.இ.டி.யில் ஆறேழு இழைகளைச் சேர்க்கலாம். வாசல் லாந்தர், என் அளவு ஸ்டேஷனின் வாசல் விளக்கு எல்லாவற்றுக்கும் இது வசதி. வெளிச்சம் நுனியில் மட்டும் தெரியும், சுற்றுப்புறத்தை அதிகம் நனைக்காது என்பது இதன் குறை. இதற்கும் சூப்பர் க்ளூ ஆகாது, இழை நொறுங்கும்.

இந்திய ஸ்டேஷன் கட்டுபவர்களுக்கு வளைகழுத்தைவிட ட்யூப்லைட்தான் முக்கியம். நாலடிக் குழல் எச்.ஓ.வில் 14 மி.மீ. வரும். பழைய தடித்த குழலின் விட்டம் 38 மி.மீ., மாதிரியில் அரை மி.மீ.க்கும் குறைவு. 0.75 மி.மீ. இழையை 14 மி.மீ.க்கு வெட்டி, பக்கங்களை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கி, ஒரு முனையில் கூல் ஒயிட் 0402-ஐ வைத்தால் இழை முழுக்க ஒளி கசியும். சற்றுத் தடிமன்தான், ஆனால் மேலே ஒரு வெள்ளைத் தகடு வைத்துப் பிளாட்பாரக் கூரைக்கு அடியில் மாட்டினால் யாரும் அளக்கப்போவதில்லை. அரை நூற்றாண்டு இந்தியப் பிளாட்பாரங்களின் நிறம் அந்தக் குளிர்ந்த வெண்மை. அங்கே வார்ம் ஒயிட் போட்டால் ஸ்டேஷன் ஹோட்டல் லாபி ஆகிவிடும்.

சென்னைக்காரர்களுக்கு எல்.இ.டி., ரெசிஸ்டர், அடாப்டர், டூ-பின் சாக்கெட் எல்லாம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடிந்துவிடும். ஒளியிழை கிடைக்காவிட்டால் இணையத்தில் வரவழையுங்கள். எல்.இ.டி.யை மட்டும் தேவைக்கு இரண்டு மடங்காக வாங்குங்கள். 0603 ட்வீசரிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்தால் தேடுவதில் பயனில்லை.

எல்லாம் முடிந்தபின் கட்டடத்தை லேஅவுட்டில் வைப்பதற்கு முன் ஒரு ராத்திரி முழுக்க விளக்குகளை எரியவிடுங்கள். அரைகுறையாகப் பற்றிய மூட்டு அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். கூரையை மட்டும் ஒருபோதும் ஒட்டாதீர்கள். நான்கு மூலையிலும் சின்னக் காந்தமோ, வெறுமனே உட்காரும் விளிம்போ போதும். எந்த எல்.இ.டி.யும் என்றாவது போகும், அன்றைக்கு உங்கள் கை உள்ளே நுழைய வழி வேண்டும்.